அரை மணி நேரத்தில் இணைப்பு

மார்ச் 3, செவ்வாய்

துணியை ஊறவைத்ததையே மறந்துவிட்டேன். மதியம் வாளியைப் பார்த்தால், நீலப் புடவையின் சாயம் வெள்ளை ரவிக்கை இரண்டிலும் ஏறி எல்லாம் ஒரே குடும்பமாகிவிட்டிருந்தது. வேலைக்குப் போன காலத்தில் இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. ஆறு மணிக்குள் துவைத்துக் காயப்போட்டு, ஏழேகாலுக்குப் பேருந்தில் இருப்பேன். இப்போது நாள் முழுக்க நேரம் கிடக்கிறது, ஒரு வேலையும் உருப்படியாக முடிவதில்லை.

ஓட்டலை இழுத்து மூடி எட்டு மாதம் ஆகிறது. இருபத்துநான்கு வருடம் அதன் வரவேற்பு மேசையில் நின்றேன். தொலைபேசி, அறைச் சாவிகள், வருகிறவர், போகிறவர் எல்லாம் என் பொறுப்பு. நாற்பத்தாறு வயதில் 'வேலை தேடுகிறேன்' என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

சாயங்காலம் தங்கை போனில் வந்தாள். வழக்கமான பல்லவிதான்.

"எதுக்குக்கா தனியா அங்க? இங்க வந்துடு. குட்டியும் பெரிம்மா பெரிம்மான்னு உயிரை வாங்கறான்."

"இந்த மாசக் கடைசியோட வீட்டு ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ள வேலை கிடைக்கலைன்னா காலி பண்ணிட்டு வந்துடறேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

போனை வைத்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அப்பா அம்மா காலத்திலிருந்து இருக்கிற வாடகை வீடு இது. எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அதில் பெரிய குறையும் இல்லை. இந்த இரண்டு அறையும் ஒரு சமையலறையும் எனக்குப் போதுமாக இருந்தன. தங்கை வீட்டில் என்னைத் தாங்குவார்கள். மாப்பிள்ளையும் தங்கமானவர். ஆனால் அங்கே நான் விருந்தாளி. விருந்தாளிகளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாம் நாளே அவர்களுக்குத் தங்கள் சொந்தத் தலையணை ஞாபகம் வந்துவிடும்.

மார்ச் 6, வெள்ளி

கண் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம். வரவேற்புப் பிரிவு. பதினேழாம் தேதி காலை பத்தரைக்கு நேர்காணல். விண்ணப்பம் போட்ட ஒன்பது இடத்தில் மதித்துப் பதில் எழுதியது இது ஒன்றுதான்.

தங்கையிடம் சொன்னேன். "இந்த மாசமேவாக்கா?" என்றாள். பிறகு, "சூப்பர்க்கா, பயோடேட்டாவை நான் அடிச்சு எடுத்துட்டு வரேன், உன் கையெழுத்துல எதையும் குடுத்து வைக்காதே" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

தங்கையும் குட்டியும் வந்திருந்தார்கள். குட்டிக்கு இரண்டு வயதாகிறது. வந்ததும் பாத்திர அலமாரியைக் காலி செய்தான். அவள் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, பயோடேட்டா கோப்பைத் திறந்து, முகத்தை அதிகாரி மாதிரி வைத்துக்கொண்டாள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"எங்க ஓட்டல்ல படி ஏறினதும் இடப்பக்கமா ஒரு பெரிய—"

"அக்கா, உன்னைப் பத்திக் கேட்டா ஓட்டலைப் பத்திச் சொல்றே."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"சரி, அதை விடு. உங்களோட பலவீனம் என்ன?"

"முழங்கால்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "உடம்புல இல்லக்கா. குணத்துல."

"குணத்துல எனக்கென்ன பலவீனம்? கூடப் பிறந்தவ, நீதான் சொல்லேன்."

"வாயைத் திறந்தா மூட மாட்டே."

"அதையே சொல்லிடட்டுமா?"

"வேண்டாம் தாயே. அடுத்தது. அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்கறீங்க?"

"வேலைக்கு ஆள் எடுக்கறாங்களா, ஜோசியம் பாக்கறாங்களா?"

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை அவள். எந்தக் கேள்விக்கு எந்த பதில், கையை எங்கே வைக்க வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்று கடகடவென்று ஒப்பித்தாள். இவ்வளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். எல்லாம் போனில் கிடக்கிறது என்றாள். கடைசியாக ஒரு கட்டளை: ஓட்டல் கதை ஒன்றுக்கு மேல் சொல்லக்கூடாது. எதைச் சொல்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மார்ச் 9, திங்கள்

நேற்று அவள் அப்படி எதிரே உட்கார்ந்ததிலிருந்து பழசெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலைக்குள் குடியிருக்கும்.

எனக்கு இருபத்திரண்டு, அவளுக்கு ஒன்பது. ஓட்டல் நேர்காணலுக்கு முதல் நாள். அப்பா தபால் அலுவலகத்தில் குமாஸ்தா. வாழ்நாளில் யாரையும் வேலைக்கு எடுத்ததில்லை. ஆனால் அன்று இரும்புப் பெட்டி மேல் துண்டு விரித்து உட்கார்ந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே. பக்கத்தில் இரண்டாவது அதிகாரியாக என் தங்கை, அப்பாவின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"உனக்குக் குதிரை ஓட்டத் தெரியுமா?" என்றாள் இரண்டாவது அதிகாரி.

"தெரியாது மேடம்."

"அப்போ வேலை இல்லை. போ."

அம்மா சமையலறையில் சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கேட்டார்: "கோபமா ஒரு விருந்தாளி வந்து கத்தறார். என்ன பண்ணுவே?" எனக்குத் தெரிந்த ஒரே கோபக்காரர் அவர்தான். "நீங்க கத்தினா பண்றதையே பண்ணுவேன். முழுசாப் பேச விட்டுட்டு, முடிஞ்சதும் ஒரு டம்ளர் தண்ணி குடுப்பேன்" என்றேன். அப்பா தங்கையின் மூக்கிலிருந்து கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். "இதையே சொல்லு" என்றார்.

மறுநாள் அதே கேள்வி வந்தது. அதையே சொன்னேன். மேலாளர் முகத்தில் சிரிப்பு வந்தது, வேலையும் வந்தது. அந்தத் தண்ணீர் டம்ளரைத்தான் இருபத்துநான்கு வருடமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதிதாகச் சேரும் பெண்களிடம், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம், தங்கையின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம்கூட.

பதினோரு மணிக்கு ஓட்டல் வாசல் கண்ணாடி வழியாக வெயில் தரையில் விழுந்து, மெதுவாக நகர்ந்து என் மேசைக்கு வரும். அது காலில் பட்டால் மணி பன்னிரண்டு. கடிகாரம் பார்க்கவே வேண்டாம். அந்தத் தரையில் இப்போது என்ன இருக்கிறதோ. ரொம்ப ஏக்கமாக இருக்கிறது.

மார்ச் 11, புதன்

பழைய மேலாளரைப் பார்த்து ஒரு சான்றுக் கடிதம் வாங்கி வரப் போனேன். எண்பதை நெருங்குகிறார். கை நடுங்கினாலும் எழுத்து முத்துமுத்தாக இருந்தது. 'நேரம் தவறாதவர்' என்று எழுதினார். மடித்துக் கொடுக்கும்போது நானாகவே ஆரம்பித்தேன், சும்மா இருந்திருக்கலாம்.

"சார், அன்னிக்கு அந்தத் தண்ணி டம்ளர் பதிலைக் கேட்டுத்தானே என்னை எடுத்தீங்க?"

"எந்த பதில்மா?"

சொன்னேன். அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஆனால் வேறொன்று ஞாபகம் வந்தது.

"உன்னை எங்க நாங்க முதல்ல எடுத்தோம்? பச்சைப் பை வச்சிக்கிட்டு ஒரு பொண்ணு வந்திருந்தா. அவளைத்தான் எடுத்தோம். சேர வேண்டிய அன்னிக்கு அவ வரல. லிஸ்ட்ல அடுத்த பேரு உன்னுது. ஆள் அனுப்பினேன். உனக்குத் தெரியாதா?"

தெரியாது சார் என்றேன். டீ கொடுத்தார், குடித்தேன். பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். எதுக்கு அழறேன்? இருபத்துநாலு வருஷம் வேலை பாத்தாச்சு. எவ வந்தா என்ன, வராட்டி என்ன. ஆனாலும் அழுகை நிற்கவில்லை. அப்பாவுக்கும் இது தெரியாது. நல்லவேளை, தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

மார்ச் 12, வியாழன்

அந்தப் பச்சைப் பைக்காரி ஏன் வரவில்லை?

மார்ச் 14, சனி

தங்கையிடம் சொன்னேன். "அதனால என்னக்கா, கதை நல்ல கதைதானே, அதையே சொல்லு" என்கிறாள். எப்படிச் சொல்வது? வாயில் வராது இனிமேல். ஆக, நேர்காணலுக்குப் போக என்னிடம் ஒரு கதைகூட இல்லை.

மார்ச் 16, திங்கள்

சாம்பல் நிறப் புடவையைத் தேய்த்து வைத்தேன். பயோடேட்டா கோப்பைப் பையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். கடைசியாக இவ்வளவு பயந்தது தங்கைக்குப் பிரசவ வலி எடுத்தபோது.

மார்ச் 17, செவ்வாய்

மானம் போயிற்று. முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

பத்தரைக்கு வரச்சொன்னார்கள், பத்துக்கே போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் நாலு பெண்கள், எல்லாருக்கும் என் வயதில் பாதி. உள்ளே கூப்பிட்டபோது பதினொன்றேகால். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். நடுவில் தலைமை மருத்துவர், அறுபது வயதிருக்கும். பக்கத்தில் நிர்வாக அதிகாரி, முப்பது வயதுப் பெண், கறாரான முகம். மேசையில் என் பக்கமாகத் திரும்பியபடி ஒரு தொலைபேசி.

முதல் கேள்வி, என்னைப் பற்றி. தங்கை சொல்லிக்கொடுத்தபடி நாலு வரி சொல்லி வாயை மூடிக்கொண்டேன். கம்ப்யூட்டர் தெரியுமா? தெரியும். கோபமாக வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பீர்கள்? வந்துவிட்டது அதே கேள்வி. "பேச விடுவேன் மேடம்" என்று மட்டும் சொன்னேன். தண்ணீர் டம்ளர் வாயில் வரவில்லை. நிர்வாக அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார்.

அப்போது அந்தப் பாழாய்ப்போன தொலைபேசி அடித்தது.

இரண்டாவது மணிக்குள் எடுத்தாக வேண்டும் என்பது எங்கள் ஓட்டல் சட்டம். என் கை என்னைக் கேட்கவில்லை. எடுத்தேன். காதில் வைத்தேன். மூடிப்போன ஓட்டலின் பெயரைச் சொல்லி, "வணக்கம், என்ன உதவி வேணும்?" என்றேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எதிர்முனையில் ஒரு பெண் குரல். "யாரு? ஆஸ்பத்திரி இல்லையா?"

"ஆஸ்பத்திரிதாங்க. மன்னிக்கணும். யார் பேசறீங்கன்னு சொல்லட்டும்?"

"டாக்டர் வீட்லேருந்து. அவர் செல்போனை எடுக்க மாட்டேங்கறார். ஒரு மணிக்கு வீட்டுக்குப் பிளம்பர் வரான், அவர் இருந்தாகணும். மறந்துடுவார்."

ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "ஐயா, வீட்லேருந்து" என்றேன். மருத்துவர் வேண்டாம், இப்போது இல்லை என்று கையை ஆட்டினார். நான் குரலை இறக்கி, "டாக்டர் ஒரு முக்கியமான கூட்டத்துல இருக்காங்கம்மா. அரை மணி நேரத்துல நானே இணைப்பு தர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் சுரணை வந்தது. நானே! எந்த நானே? முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. நிர்வாக அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தார். மருத்துவர் மூக்கைச் சொறிந்தார். "சரி, நீங்க போகலாம், தகவல் சொல்றோம்" என்றார்கள். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன்.

வெளியே வந்து நேராகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போயிருக்க வேண்டும். பாதி தூரம் போனேன். ஆனால் ஒரு பெண்ணிடம் அரை மணி என்று சொல்லிவிட்டேனே. அந்த அம்மா தொலைபேசி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால்? திரும்பி வந்து, அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பணியாள் வந்து, "முடிஞ்சுதேம்மா, இன்னும் என்ன?" என்றான். இல்லப்பா, ஒரு வேலை பாக்கியிருக்கு என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

சரியாகப் பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். கதவைத் தட்டி, தலையை மட்டும் நீட்டினேன். உள்ளே அடுத்த பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, அரை மணி ஆச்சு. வீட்டுக்குப் பேசணும். ஒரு மணிக்குப் பிளம்பர் வரார்."

பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்திவிட்டு, பேருந்து பிடித்து வந்துவிட்டேன். தங்கைக்கு ஒரு வரி செய்தி: 'முடிந்தது. பெட்டி கட்ட ஆரம்பிக்கிறேன்.'

மார்ச் 18, புதன்

கோப்பிலிருந்து சான்றிதழ்களை எடுத்து அலமாரியில் வைக்கலாமென்று பிரித்தேன். கடைசியில் ஒரு பயோடேட்டா ஒட்டிக்கொண்டிருந்தது. என்னுடையது இல்லை. தங்கையுடையது.

ஆறு வருடம் கட்டட வரைபட அலுவலகத்தில். பிறகு ஒரு வரி: 'இரண்டு வருடம் – குழந்தை வளர்ப்பு'. மேலே பேனாவால் பழைய அலுவலகத்தின் பெயர், 'நேர்காணல் 26, காலை 10' என்று அவள் கையெழுத்து. அச்சடித்த தேதி மார்ச் 2. இங்க வந்துடுக்கா என்று அவள் என்னைக் கடைசியாகக் கூப்பிட்டதற்கு முதல் நாள்.

கேள்விகளெல்லாம் எப்படி மனப்பாடம் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தனியாகக் கிடக்கிறாளே என்று என்மேல் பரிதாபப்படுகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்து விறைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் வீட்டை விட்டு வெளியே போக வேண்டியிருந்திருக்கிறது. குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்திருக்கிறது.

கேட்டா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா? கூடப் பிறந்தவகிட்டக் கேக்க என்ன கௌரவம்?

ஐந்து நிமிடம் கோபமாக இருந்தேன். பிறகு புரிந்தது. அவள் கேட்டிருந்தால் அந்தக் கண் ஆஸ்பத்திரிப் பக்கம் நான் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும். கேட்காமல், எதிரே உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். என் தங்கைமேல் எனக்கு உயிரே போகிற மாதிரி பாசம் வந்தது. போன் செய்யவில்லை. போக வேண்டியதுதான், எப்படியும் வேலை கிடைக்கப்போவதில்லை, ஒருவருக்காவது நடக்கட்டும்.

மார்ச் 20, வெள்ளி

பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றினேன். அம்மாவின் வடிதட்டை மட்டும் சுற்ற மனசு வரவில்லை. நாளை பார்க்கலாம்.

மார்ச் 21, சனி

காலை ஒன்பதரைக்குப் போன். அந்த நிர்வாக அதிகாரி. "வர்ற வியாழக்கிழமை சேர முடியுமா?" என்றார். எங்கே என்றேன், அசடு மாதிரி. "உங்களுக்குத் தெரிஞ்ச அதே தொலைபேசிலதாங்க. ஆனா எங்க ஆஸ்பத்திரி பேரைச் சொல்லணும்" என்றார். சிரிக்கவில்லை, ஆனால் குரலில் இருந்தது. பிளம்பர் வந்தாரா என்று கேட்டேன். வந்தாராம்.

எப்படிச் சொல்வேன் என் சந்தோஷத்தை. சமையலறையில் போய் நின்று, சுற்றி வைத்த பாத்திரம் ஒவ்வொன்றையும் பிரித்தேன்.

நாலாவது பாத்திரத்தில் கை நின்றுவிட்டது. வியாழன் என்றால் இருபத்தாறு.

மார்ச் 22, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போனேன். அவளுடைய பயோடேட்டாவை மேசைமேல் வைத்தேன். பார்த்தாள், முகம் சிவந்தது.

"அது பழசுக்கா."

"இருபது நாள் பழசு."

"போகலைன்னு நேத்தே மெயில் அனுப்பிட்டேன். உனக்கு வேலை கிடைச்சதுன்னு சொன்னியே, உடனே அனுப்பிட்டேன். விடு. குட்டி ஸ்கூல் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"அவங்க பதில் போட்டாங்களா?"

"ஞாயித்துக்கிழமை யாருக்கா பதில் போடுவாங்க?"

"அப்போ யாரும் படிக்கல."

"அக்கா, நீ வேலைக்குப் போகணும். நான் போனா நீ போக மாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா?"

"நான் போகத்தான் போறேன். இவ்வளவு அவமானப்பட்டு வாங்கின வேலையை விடுவேனா?"

அவள் அழ ஆரம்பித்தாள். குட்டியும் துணைக்கு அழுதான். மூன்று பேரும் அழுதோம். மாப்பிள்ளை கறிகாய்ப் பையோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

மார்ச் 23, திங்கள்

காலை ஒன்பதுக்கு அவள் வீட்டிலிருந்தே அந்த அலுவலகத்துக்கு நான் போன் போட்டேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் என் ஓட்டல் குரலில், நேர்காணலுக்கு வர முடியாது என்று தவறுதலாக ஒரு மெயில் வந்துவிட்டது, சம்பந்தப்பட்டவர் பக்கத்தில்தான் இருக்கிறார், ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லி, அவள் கையில் கொடுத்துவிட்டேன். என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினாள். வரச்சொல்லிவிட்டார்கள்.

அடுத்து கண் ஆஸ்பத்திரிக்கு. வியாழனுக்குப் பதில் வெள்ளிக்கிழமை சேரலாமா என்று கேட்டேன். "சேர்றதுக்கு முன்னாடியே லீவா?" என்றார் நிர்வாக அதிகாரி. ஆமாம் மேடம், ஒரு நாள்தான் என்றேன்.

மார்ச் 26, வியாழன்

குட்டி என் மடியில் தூங்குகிறான், அதனால் எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

அவளுக்கு வேலை கிடைத்தால் இவனை யார் பார்ப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. மாப்பிள்ளை ஷிஃப்ட் மாற்றிக் கேட்கிறேன் என்கிறார். நானும் மதிய ஷிஃப்ட் கேட்டுப் பார்க்கலாம். பக்கத்துத் தெருவில் ஒரு காப்பகம் இருக்கிறதாம். கிடைக்கட்டும் முதலில்.

காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினாள். "எப்படி இருக்கேன்க்கா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. நேராக உட்கார், கையை ஆட்டாதே, அந்த இரண்டு வருடத்தைக் கேட்டால் தலைகுனியாதே என்று. காலரை மட்டும் சரிசெய்துவிட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ" என்றேன்.

மணி பத்தேகால். இப்போது அவளை உள்ளே கூப்பிட்டிருப்பார்கள்.